ஹெல் மோடில் போன தமிழ்: கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஹாம் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் அமெச்சூர்) நண்பர்களுக்கும், ஹாம் என்றால் என்னவென்றே கேட்காமல் உதவிய மற்ற எல்லாருக்கும்,

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடிக் கம்பியிலிருந்து பத்து வாட்டுக்கும் குறைவான சக்தியில் கிளம்பிய ‘வணக்கம் மதுரை’, மலேசியாவில் ஈப்போவில் இருக்கும் ஓர் ஐயாவின் திரையில் தமிழ் எழுத்தாகவே போய் விழுந்துவிட்டது. இடையில் இணையமும் கிடையாது, செல்போன் கோபுரமும் கிடையாது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைப் பிடித்துப் பாராட்டுகிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பி இழுத்ததும் பட்டனை அமுக்கியதும் தவிர மற்ற வேலையெல்லாம் வேறு ஆட்கள் செய்தது. யார் என்ன செய்தார்கள் என்பதை எழுதிவைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பெயர் போடவில்லை. சிலர் வேண்டாம் என்றார்கள், அதனால் யாருக்குமே போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

ஹாம் அல்லாதவர்களுக்காக மோடை, அதாவது செய்தியை வானொலி அலையில் ஏற்றி அனுப்பும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்று அமெச்சூர் வானொலியில் டிஜிட்டல் என்றாலே பெரும்பாலும் எஃப்டி8 தான். 2017-இல் வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோ டெய்லர், 1993-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். காதுக்கே எட்டாத சிக்னலையும் அது பிடித்துவிடும், குறை சொல்ல வாய் வராது. ஆனால் அதில் பேச முடியாது. 15 விநாடிக்கு ஒரு முறை அழைப்புக்குறி (ஹாமின் அடையாளப் பெயர்), சிக்னல் அளவு, ஊரின் கட்ட எண் (உலக வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்து வைத்த பெயர்), அதோடு கதை முடிந்தது. மதுரைக்குக் கட்ட எண் எம்ஜே99. (மேலூர்க்காரர் எம்கே90 என்பார். பத்தாவது அட்சக்கோடும் 78-ஆவது தீர்க்கக்கோடும் சோழவந்தானுக்குக் கிழக்கே வெட்டிக்கொள்வதால் நம் வட்டாரத்தில் நான்கு கட்டங்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இதெல்லாம் எங்களுக்குப் பெருமை.)

நான் எடுத்துக்கொண்டது ஹெல்ஷ்ரைபர். ருடால்ஃப் ஹெல் என்ற ஜெர்மானியர் 1929-இல் காப்புரிமை வாங்கிய முறை. ஒரு காலத்தில் செய்தி நிறுவனங்கள் இதில்தான் செய்தி அனுப்பின. ஹாம்கள் பயன்படுத்துவது ஃபெல்ட் ஹெல் என்ற வகை. இன்று இதில் ஆள் கிடைப்பது அபூர்வம். மற்ற மோடுகள் எழுத்துக்கு ஒரு குறியீடு கொடுத்து அதை அனுப்பும். இது எழுத்தின் உருவத்தையே செங்குத்துப் பத்திகளாக நறுக்கி, ஒவ்வொரு பத்தியையும் கீழிருந்து மேலாக அனுப்பும். கறுப்பு வந்தால் ஒலி, வெள்ளை வந்தால் மௌனம். வாங்குகிற பக்கம் எதையும் புரிந்துகொள்ளாது, வந்ததை அப்படியே வரைந்து காட்டும். படிப்பது நம் கண். இரண்டு பக்கமும் ஒத்திசைவு என்று எதுவும் இல்லாததால் ஒரே வரியை ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு முறை வரையும். ஒன்று வெட்டுப்பட்டாலும் மற்றொன்றைப் படித்துவிடலாம்.

அப்படியென்றால் தமிழும் போகுமே என்று முதலில் சொன்னது நான் இல்லை. அண்ணா நகர் சார்தான். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மதுரைப் பக்கம் லைசென்ஸ் வாங்கிய எத்தனையோ பேருக்கு மோர்ஸ் சொல்லிக்கொடுத்தவர். எழுத்தைக் குறியீடாக அனுப்பும் இன்னொரு மோடான பிஎஸ்கே31-இல் தமிழ் அனுப்பிப் பார்த்தால் ‘வணக்கம்’ என்ற ஒரு சொல்லுக்கே 21 பைட் ஆகிறது, நடுவில் ஒரு பிட் கெட்டாலும் எழுத்து குப்பையாகிவிடுகிறது என்று அவரிடம் புலம்பினேன். “ஏப்பா, ஹெல்லுல படமாத்தானே போகுது? படத்துக்கு என்ன இங்கிலீஷு, தமிழு?” என்றார். அதோடு விடவில்லை. தான் கட்டிய மைக்ரோ பிட்எக்ஸ் ரிக்கை (அனுப்பவும் வாங்கவும் ஆன வானொலிப் பெட்டி), ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது, பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டார். “நிதானமாத் திருப்பிக் கொடு” என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஃபெல்ட் ஹெல்லில் அனுப்பும் நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் வானொலி அலை உயிரோடு இருக்கும். சின்ன ரிக் சூடாகாது. அதையும் யோசித்துத்தான் அந்த ரிக்கைக் கொடுத்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. சார், ரிக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நன்றி.

அடுத்து செல்லூர் அண்ணன். இவருக்குத்தான் அதிகம் எழுத வேண்டும். ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுபவர். கிராஃப் தாளில் ஒரு கட்டம் என்பது ஒரு பாவு நூலும் ஒரு ஊடையும் சந்திக்கிற இடம். கல்யாணத் துண்டில் மாப்பிள்ளை பெண் பெயரைத் தமிழில் நெய்து கொடுத்த அனுபவம் அவருக்கு உண்டு. கட்டத்துக்குள் தமிழ் எழுத்தை உட்காரவைப்பது என்ன பாடு என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நான் சொன்னதெல்லாம் விதிகள்தான். உயரம் 14 கட்டம். கறுப்பு தொடங்கினால் செங்குத்தாக இரண்டு கட்டமாவது ஓட வேண்டும், வெள்ளைக்கும் அதேதான். அதைவிடக் குறைந்தால் 8 மில்லி விநாடிக்கும் குறுகிய துடிப்பாகிவிடும். சிக்னல் அகண்டு பக்கத்து அலைவரிசைக்காரரைத் தொந்தரவு செய்யும். அகலத்துக்கு மட்டும் தடை இல்லை, எத்தனை பத்தி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் தாளைச் சற்று நேரம் பார்த்தார். “மேல நாலு கட்டம் புள்ளிக்கும் கி, கீ வளைவுக்கும், கீழ மூணு கட்டம் சுழிக்கும் வாலுக்கும். நடுவுல ஏழு. இந்த ஏழுலதான் தம்பி நீ குடும்பம் நடத்தணும்” என்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து முதலில் போட்ட எழுத்து ‘ண’. கஷ்டமானதை முதலில் முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. மூன்று சுழியையும் நெருக்கமாகப் போட்டால் சத்தத்துக்கு நடுவில் கறுப்புக் கட்டியாகிவிடும், ‘ன’வா ‘ண’வா என்று தெரியாது. மனமா மணமா என்று மறுமுனையில் இருப்பவர் முழிப்பார். சுழிகளின் வயிற்றை அகட்டி, பதின்மூன்று பத்தியில் ‘ண’வை விரித்து உட்காரவைத்தார்.

புள்ளிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை. வானொலிச் சத்தம் திரையில் கறுப்புப் பொட்டுகளாகத்தான் விழும். நம் மெய்யெழுத்துப் புள்ளியும் ஒரு பொட்டுதான். சத்தம் புள்ளியை விழுங்கினால் ‘க்’ ‘க’ ஆகிவிடும். வெறும் ‘க’ மேல் பொட்டு விழுந்தால் ‘க்’ ஆகிவிடும். அண்ணன் புள்ளியை இரண்டு பத்தி அகலத்துக்குத் தடிமனாக்கி, எழுத்தின் நடு உச்சிக்கு நேராக, கீழே இரண்டு கட்ட இடைவெளி விட்டு வைத்தார். எல்லா எழுத்துக்கும் ஒரே உயரம். “ஒரே எடத்துல இருந்தாத்தான் புள்ளி, எடம் மாறுனா தூசி” என்றார். திரையில் பார்த்தபோது அந்த ஒரு முடிவுதான் படிக்க வைத்தது. இந்த எழுத்தில் ‘வணக்கம்’ 55 பத்தி. விநாடிக்கு 17.5 பத்தி போவதால் மூன்று விநாடிக்குக் கொஞ்சம் கூட. ரோமன் எழுத்தில் அடித்தால் எட்டு எழுத்து, 3.2 விநாடி. தமிழ் நீளம், இடத்தை அடைக்கும் என்று சொல்பவர்களிடம் காட்ட ஒரு கணக்கு கிடைத்தது.

உகர, ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து மாறுவதால் பதினெட்டு மெய்க்கும் கு, கூ என்று முப்பத்தாறு வடிவத்தைத் தனித்தனியாக வரைய வேண்டும். அத்தனையையும் ராத்திரி தறி வேலை முடிந்த பிறகு வரைந்தார். காசு என்று நான் வாயெடுத்ததும் முறைத்த முறைப்பு இருக்கிறதே! அண்ணே, அந்த முறைப்புக்கும் சேர்த்து நன்றி.

கிராஃப் தாளை ஒலியாக்கியது எங்கள் தெருத் தங்கை. பொறியியல் கடைசி வருடம். கட்டங்களை டெக்ஸ்ட் ஃபைலாக அடித்துக்கொண்டு, அதைப் படித்து ஒலிக்கோப்பாக்கும் நிரலைப் பைத்தானில் எழுதிக்கொடுத்தாள். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, துணைக்கால் எல்லாவற்றையும் தனித் துண்டாக வைத்து எழுத்தோடு சேர்க்கலாம், டி, டீ மட்டும் அடங்காது என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒவ்வொரு துடிப்பும் வெட்டினாற்போல் தொடங்கி முடியாமல் சரிவாக ஏறி இறங்க வேண்டும் என்றேன், ஏன் என்று கேட்டாள், சொன்னேன், மறுநாள் செய்து முடித்திருந்தாள். இதில் ஒரு வசதி உண்டு. வாங்குகிற பக்கம் தமிழ் ஃபான்ட் வேண்டாம், புது நிரல் வேண்டாம். எஃப்எல்டிஜி மாதிரி ஹெல் வாசிக்கும் கணினி நிரல் எதுவாக இருந்தாலும் போதும். தங்கச்சி, வேலைக்கான இன்டர்வியூவில் இதைச் சொல், நான் சாட்சி.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கச் சந்தில் ரேடியோ மெக்கானிக் அண்ணாச்சி, பழைய மோடத்திலிருந்து ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் இரண்டைப் பிடுங்கிக் கொடுத்தார். கணினிக்கும் ரிக்குக்கும் நடுவில் அதைப் போட்டதும் ‘உம்’ என்ற மின் இரைச்சல் ஓடிவிட்டது. டீக்கு மட்டும் காசு வாங்கினார்.

அக்கம்பக்கத்தாரை மறக்கக் கூடாது. 14 மெகாஹெர்ட்ஸில் எந்நேரமும் ‘கர்ர்’ என்று ஒரு இரைச்சல். கையடக்க ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நான் தெருவில் சுவரோரமாக நடந்ததைப் பார்த்துச் சிலர் வேறு மாதிரி நினைத்திருக்கக் கூடும். எதிர்வீட்டு அக்கா வீட்டுப் படிக்கட்டு எல்இடி விளக்குதான் ஆள். சொன்ன அன்றைக்கே மாற்றிவிட்டார். சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவில் சீரியல் செட் கட்டிய தம்பிகள், நான் கேட்டுக்கொண்ட நேரத்துக்கு மட்டும் எங்கள் முக்கை அணைத்துவைத்தார்கள். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்தடை என்று பேப்பரில் வந்தால் ஊரே முகம் சுளிக்கும், நான் பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். அந்த மாதிரி அமைதி வேறு எந்த நாளிலும் அலைவரிசையில் கிடைக்காது.

திருநெல்வேலி நண்பர் 7 மெகாஹெர்ட்ஸில் எனக்காகப் பகல் நேரங்களை விட்டுக்கொடுத்தார். முதலில் அவருக்குப் போன வரி மலையேறுவது போலச் சாய்ந்து மேலே போய்விட்டது. என் சவுண்ட் கார்டு கடிகாரமும் அவருடையதும் கொஞ்சம் வேறு வேகம். அவர் சாய்வை அளந்து சொல்லச் சொல்ல இங்கே திருத்தி நிமிர்த்தினோம். பொறுமைசாலி. அவர் வீட்டுக்காரம்மா அதைவிடப் பொறுமைசாலி.

அப்புறம் ஈப்போ ஐயா. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டி ஓடுகிறது. 1963-இல் இந்தியா முதல் ராக்கெட் விட கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அதே காரணத்தால் பொழுது சாய்ந்த பிறகு, முக்கியமாகப் பங்குனி, சித்திரையில், நமக்கு மேலே, சிக்னலைத் தரைக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் கொதிக்க ஆரம்பித்துவிடும். சிக்னல் படபடவென்று துடிக்கும், பிஎஸ்கே31 அதில் நிற்காது. ஹெல்லில் எழுத்தின் ஓரமெல்லாம் பிய்ந்து வரும், ஆனாலும் கண் படித்துவிடும். இதைச் சோதிக்க வேண்டுமென்றால் அந்தக் கெட்ட நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். நமக்குச் சாயங்காலம் என்றால் அங்கே இரண்டரை மணி நேரம் கூட. சாப்பாட்டை முடித்துவிட்டு, எங்களுக்காக ரேடியோ முன்னால் உட்கார்ந்தார் ஐயா.

அழைப்புக்குறியை மட்டும் முதலிலும் கடைசியிலும் ரோமன் எழுத்தில் அனுப்பினேன், கேட்கும் யாருக்கும் யார் அனுப்புகிறார் என்று தெரிய வேண்டுமே. நடுவில் தமிழ். ஐயா திரையைப் படம் எடுத்து அனுப்பினார். ‘மதுரை’யில் ‘து’வின் வால் பாதி அறுந்திருந்தது, ‘ண’ மூன்று சுழியோடு முழுசாக இருந்தது. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பேரனைக் கூப்பிட்டு, என்னவென்று சொல்லாமல் காட்டினாராம். பையன் ஒரே மூச்சில் வாசித்துவிட்டான்.

தங்கை நிரலை அவருக்கும் அனுப்பிவைத்தாள். அவர் திருப்பி அனுப்பிய முதல் தமிழ்ச் செய்தி: ‘சாப்பிட்டாச்சா’. அதில் மூன்று புள்ளி. ‘ப்’பும் ‘ட்’டும் தெளிவு, ‘ச்’சின் புள்ளி சத்தத்தில் போய்விட்டது. இருந்தாலும் இந்தக் கேள்வியைப் புரிந்துகொள்ளாத தமிழன் உண்டா? ஐயா, அன்றைக்கு அவசரத்தில் பதில் சொல்ல விட்டுப்போய்விட்டது. இட்லியும் மல்லிச் சட்னியும்.

கடைசியாக, அம்மாவுக்கும் வீட்டுக்காரிக்கும். துணி காயப்போடும் கொடியை மாடியின் ஒரு மூலைக்கு ஒதுக்கிக்கொண்டு ஆன்டெனாவுக்கு இடம் விட்டதற்கு.

கிராஃப் தாள்களும் நிரலும் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறோம், அண்ணனும் தங்கையும் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஞாயிறு காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் ஹெல் மோடில் அழைத்துக்கொண்டிருப்பேன். ஃபெல்ட் ஹெல் வாசிக்க ஒரு கணினியும் மைக்கும் போதும், ரிசீவர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தாலே எழுத்து வரும். ஒரு குறை மட்டும் பாக்கி. ஜ, ஷ, ஸ, ஹ நான்கும் இன்னும் வரையவில்லை. ஆடி ஆர்டர் முடியட்டும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். ஆகவே இப்போதைக்கு ‘ஹெல்’ என்பதை மட்டும் ஹெல்லில் தமிழில் அனுப்ப முடியாது.

73 (ஹாம் மொழியில் ‘அன்புடன்’).

மதுரை, எம்ஜே99-இலிருந்து,
உங்கள் ஹாம் நண்பன்