இத்தாலியின் டொரினோவில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளே,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் எல்லோரோடும் இருப்பதாக.

உங்கள் சபையின் சனிக்கிழமைச் சிறுவர் மன்றத்தில் வசனங்களை இனி இத்தாலிய மொழியிலேயே சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். பிள்ளைகளுக்கு ருமேனிய மொழி பாதிதான் புரிகிறது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு, இரண்டு நாள் யோசித்தே பதில் எழுதுகிறேன்.

உன் மகன் வயதில் எனக்கு மன்றம் என்று ஒன்று கிடையாது; அன்று ருமேனியாவில் நடந்தது கம்யூனிஸ்ட் ஆட்சி. கழுத்தில் சிவப்புத் துணி கட்டி, பயனியர் என்ற கம்யூனிஸ்ட் சிறுவர் அமைப்பின் பிள்ளைகளாகப் பள்ளியில் வரிசையில் நிறுத்தினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தாவின் இடத்தில் மோஷ் ஜெரிலா என்ற உறைபனித் தாத்தா வந்தார். கிறிஸ்துமஸ் மரம்கூடக் 'குளிர்கால மரம்' ஆகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்துக்கு வராமல் ஆராதனைக்குப் போனதற்காக, ஓர் ஆசிரியை என்னை வகுப்பின் முன்னால் நிற்கவைத்து, 'மனந்திரும்பியவள்' என்ற நல்ல சொல்லையே வசவாக்கிக் கூப்பிட்டார். அன்று மாலை உன் பாட்டி ஒன்றும் விசாரிக்கவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் என்னையும் பக்கத்தில் நிறுத்தி, ஒரு குத்துக்கு ஒரு சொல்லாக, 1921இல் வெளிவந்த கொர்னிலெஸ்குவின் ருமேனிய வேதாகமத்தின் 23ஆம் சங்கீதத்தைச் சொல்லவைத்தார். "டொம்னுல் எஸ்தே பஸ்தோருல் மேவு." கர்த்தர் என் மேய்ப்பர் என்பதை நான் நம்பியது மாவு படிந்த அந்தக் கைகளைப் பார்த்துத்தான்.

1989 டிசம்பரில் அந்த ஆட்சி விழுந்த பிறகுதான் நம் சபையின் பின்னறையில் மன்றம் தொடங்கியது. ஃபிளானல் துணியில் ஒட்டும் படங்களும், வசனம் ஒப்பித்தவருக்கு ஓர் ஆப்பிளும் உனக்கு நினைவிருக்கும். ஆனால் அங்கே நீ ஒப்பித்த வசனங்கள் எல்லாம் முந்தின இரவே நம் அடுப்படியில் பாடமானவை. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை நீங்கள் வீடுவீடாகக் கொலிந்தே என்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பாடிப் போனபோது ஆர்த்தடாக்ஸ் வீடுகளும் கதவைத் திறந்து வால்நட்டும் வளைய ரொட்டியும் கொடுத்தன. எந்தச் சபைப் பிள்ளைகள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதே பாட்டு அவர்கள் வீட்டுப் பாட்டாகவும் இருந்தது.

ஆகவே, மகளே, மன்றத்தில் கதையையும் விளக்கத்தையும் இத்தாலிய மொழியில் தாராளமாகச் சொல்லுங்கள்; பிள்ளைக்குப் புரியாத மொழியில் சுவிசேஷத்தைச் சொல்வது அன்பாகாது. வசனத்தையும் கொலிந்தேயையும் மட்டும் நீ வீட்டில், நம் மொழியில், உன் வாயாலேயே சொல்லிக்கொடு. அந்த வேலையை மன்றத்தின் தலையில் போடாதே. வாரம் ஒரு வசனம் போதும்.

வெள்ளிக்கிழமை புறப்படும் வேனில் பார்சல் அனுப்புகிறேன். வால்நட்டோடு, நீ தோளில் மாட்டிக்கொண்டு பாடப் போன துணிப்பையும் அதில் இருக்கிறது. வார் சின்னவளுக்கு நீளமாகத்தான் இருக்கும்; வெட்டிவிடாமல் மடித்துத் தைத்துக் கொடு.

அன்புடன்,
அம்மா