பெரியம்மாவுக்கு, தனியாக இருக்கும்போது படிக்க

ஷெஃபீல்ட்,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பெரியம்மா,

போனில் கூப்பிட்டால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். உங்களிடம் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொல்கிறான். பின்னாலிருந்து உங்கள் குரல் "சரி மக்கா, சரி மக்கா" என்பதோடு நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். அண்ணன் மார்த்தாண்டத்துக் கடைக்குக் கிளம்பிப் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. துணியை வெளியே காயப்போட வழியில்லை. கொடியில் ரப்பர் ஷீட் தொங்குகிற மாதிரி ஹீட்டர் மேலெல்லாம் துணி. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம், இவருக்கு ராத்திரி ஷிப்ட், எனக்கு வயசானவர்கள் வார்டு. மரச்சீனி கிழங்கு இங்கே கிடைக்கிறது, மெழுகு பூசி விற்கிறார்கள். வேகாத கட்டை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மார்புப் புற்றுக்குக் கீமோ வேண்டாம் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொன்னதும், "வயசாயிடுச்சுன்னு கைவிட்டுட்டாங்க" என்று சித்தி அழுதாளாம். அண்ணனோ, "71 வயசுல அது எதுக்கு, முழுசா எடுத்துடச் சொல்லியாச்சு" என்கிறான். ரெண்டு பேரும் உங்கள் வயசைத்தான் பேசுகிறார்கள். உங்களிடம் யாரும் பேசினதாகத் தெரியவில்லை.

என் கதையில் வயசு வேறு மாதிரி விளையாடியது. 2022இல் எனக்கு 34. மார்பில் இருந்த கட்டியைக் காட்டினபோது, "இந்த வயசில் பயப்பட ஒன்றுமில்லை, பால் கட்டியிருக்கும்" என்று இங்கே ஒரு டாக்டர் ரெண்டு தடவை திருப்பி அனுப்பினார். பாப்பா பால்குடியை மறந்து ஆறு மாசம் ஆகியிருந்தது. இந்த நாட்டில் மேமோகிராம் எடுக்கத் தபாலில் அழைப்பு வருவது 50 வயசுக்குப் பிறகுதான், அப்புறம் 71 வரைக்கும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. இடையில் என்னைப்போல உள்ளவர்கள் தானாகத் தடவிக் கண்டுபிடித்தால்தான் உண்டு. மூணாவது தடவை நான் அழுத பிறகுதான் பயாப்சி. அதற்குள் அக்குளில் நெறிகட்டிக்கும் பரவியிருந்தது.

அதனால் எனக்குக் கீமோ, ஆபரேஷன், கரண்ட் என்கிற கதிர்வீச்சு எல்லாம் வந்தது. அது கவனிப்பு அதிகம் என்பதால் இல்லை, என் கட்டி வேகமாக வளர்கிற ஜாதி. உங்களுடையது ரெண்டு சென்டிமீட்டர், ஹார்மோனைத் தின்று மெதுவாக வளர்வது, நெறிகட்டி சுத்தம் என்று ஸ்கேனில் இருக்கிறதாமே. அப்படிப்பட்ட கட்டிக்கு உங்கள் வயசில் கீமோவால் வரும் லாபம் பெரும்பாலும் ரொம்பக் கொஞ்சம். காலில் மரமரப்பு, இதயத்துக்குப் பளு, தடுக்கி விழுவது என்று நஷ்டம் அதிகம். தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரைதான் உங்களுக்கு முக்கிய மருந்து, ஐந்து வருஷமாவது சாப்பிடணும். அது எலும்பை மெலியவைக்கும், காலையில் மூட்டு பிடிக்கும். எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கைவிட்டதாக இருந்தால் இதெல்லாம் எழுதித் தரமாட்டார்கள் என்று சித்தியிடம் சொல்லுங்கள்.

எனக்கு 28 நாளைக்கு ஒரு ஊசி. தொப்புளுக்குக் கீழே, அரிசிமணி அளவு மருந்தைத் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். கருமுட்டைப் பையைத் தூங்கவைக்கிற மருந்து. மாதவிலக்கு ஒரேயடியாக நின்றுவிட்டது. போன மாசம் பஸ் ஸ்டாப்பில் பனி கொட்டுகிறது, எனக்கு உள்ளேயிருந்து அடுப்பைப் பற்றவைத்த மாதிரி ஒரு சூடு. கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரைக் கழற்றி, வேர்த்து ஊற்ற நிற்கிறேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி கைப்பையிலிருந்து மடக்கு விசிறி ஒன்றை எடுத்து நீட்டினாள். "எனக்கு 52இல் வந்தது. நீ குழந்தையாச்சே" என்றாள். பஸ் வரும்வரை அவளே விசிறினாள். அன்றைக்கு ராத்திரி உங்களைத்தான் நினைத்தேன் பெரியம்மா. முட்டி வலி, தூக்கமின்மை, எலும்பு டெஸ்ட். நம் ரெண்டு பேருக்கும் இப்போது ஒரே வயசு.

அம்மாவிடம் சொல்லாத ஒன்றையும் உங்களிடம் சொல்கிறேன். கீமோவுக்கு முன்னால் ரெண்டு வாரம் ஊசி போட்டு, நாலு கருவை உறையவைத்து எடுத்து வைத்திருக்கிறோம். ஹார்மோனை அடக்குகிற மருந்தை ரெண்டு வருஷம் வரை நிறுத்திவிட்டுப் பிள்ளை பெற்று, மறுபடி தொடங்கலாமா என்று 42 வயசு வரையுள்ள 516 பெண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. அவர்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பவில்லை என்று 2023இல் எழுதினார்கள். நீண்ட காலக் கணக்குக்கு இன்னும் பொறுக்கணும். இவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். எனக்கு ஒரு நாள் வேண்டும் போலிருக்கிறது, ஒரு நாள் பாப்பாவுக்கு நான் இருந்தால் போதும் போலிருக்கிறது.

இனி உங்கள் விஷயம். கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்தாலும், மார்பை முழுசாக எடுத்தாலும் ஆயுளில் வித்தியாசமில்லை. இது பழைய, உறுதியான கணக்கு. தினமும் களியக்காவிளையில் பஸ் மாறிக் கரண்ட் வைக்கப் போகிற பாட்டுக்குப் பயந்துதான் அண்ணன் முழுசாக எடுக்கச் சொல்கிறான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, கரண்டே வேண்டாம் என்று ஒரு வழியும் உண்டு. அதற்கும் ஒரு ஆய்வு நடந்தது: 65 வயசும் அதற்கு மேலும் உள்ள 1326 பெண்கள், கட்டி 3 சென்டிமீட்டருக்குள், நெறிகட்டியில் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறவர்கள். பத்து வருஷத்தில் கரண்ட் வைக்காதவர்களில் 100க்குப் பத்துப் பேர்போல அதே மார்பில் திரும்ப வந்தது, வைத்தவர்களில் ஒருத்தர்போல. உயிரோடு இருந்தவர்கள் ரெண்டு பக்கமும் 100க்கு 81. மாத்திரையை விடாமல் சாப்பிடணும், அதுதான் நிபந்தனை. உங்களுக்குப் பொருந்துமா என்பது ஆபரேஷனுக்குப் பிறகு வரும் ரிப்போர்ட்டில் தெரியும். முழுசாக எடுத்தால்தான் நிம்மதி என்று உங்களுக்கே தோன்றினால் அதுவும் சரிதான். ஆனால் உங்களுக்குத் தோன்றணும்.

எங்கள் வார்டில் 83 வயசு அம்மா ஒருத்தி. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கண் மட்டத்துக்கு உட்கார்ந்தார். வீட்டில் என்னென்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். மகன் பதில் சொல்ல வாயெடுத்தான். "அம்மாவே சொல்லட்டும்" என்று சிரித்தார். அப்புறம் அவளை எழுந்து மூணு மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி, எத்தனை நொடி என்று எழுதிக்கொண்டார். பிறந்த வருஷத்தைவிட அந்த நொடிக்கணக்கைத்தான் நம்புகிறார்கள். இந்த ஊரில் எனக்குப் பிடித்த நாலைந்து விஷயங்களில் இது ஒன்று.

உங்கள் டாக்டர் மலையாளத்தில் பேசினதெல்லாம் உங்களுக்குப் புரிந்திருக்கும், பேசினது அண்ணனிடம் என்பதுதான் குறை. அடுத்த தடவை அவனை டீ குடிக்க அனுப்பிவிட்டு நீங்களே கேளுங்கள். ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு விடியற்காலை நாலு மணிக்கு நூறு ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஆள் நீங்கள். அண்ணன் அதைச் சொல்லியிருக்கமாட்டான், அவனுக்கு அது கௌரவக் குறைச்சல். கத்தி பிடிக்கிற கை எது என்றும் சொல்லுங்கள். நெறிகட்டி எடுத்தால் அந்தப் பக்கக் கை வீங்கலாம், பயிற்சி சொல்லித் தருவார்கள்.

இப்போது இலையுதிர் சமயம், வெட்டு நிறுத்தியிருப்பீர்கள். ஆபரேஷனுக்கு நல்ல நேரம்தான். பாப்பா உங்களுக்கு ஒரு மரம் வரைந்திருக்கிறாள், கூடவே வைத்திருக்கிறேன். பால் வடிகிற சிரட்டையை மறந்துவிட்டாள், நீங்கள் வரைந்துகொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்