கதவில் தொங்கும் கறுப்புத் திரை: தமிழ்ப் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். மூன்றாம் நிலையில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா எழுதுகிறேன். ஐந்து வருடமாகச் சனிக்கிழமை காலைகளில் சிற்றுண்டி மேசையில் நிற்பவள் என்றால் உங்களில் பலருக்கு முகம் நினைவுக்கு வரும். பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பிப்ரவரியில் உங்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மார்ச்சில் நினைவூட்டினேன். பதில் வந்த விதத்தைப் பிறகு சொல்கிறேன். போன வாரக் கூத்தைப் பார்த்த பிறகு இனித் தனி மடல் எழுதிப் பயனில்லை என்று பட்டது. அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

புதன்கிழமை இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அந்த ஸ்கிரீன்ஷாட் வந்தது. நியூ ஜெர்சி மாநிலக் காவல்துறையின் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டிலிருந்து ஒரு முகம், ஒரு முகவரி. நாம் வாடகைக்கு எடுத்திருக்கும் பள்ளிக் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. படுக்கப்போவதற்குள் நூற்றுக்கு மேல் செய்திகள். மறுநாள் காலை எட்டு மணிக்கு உங்கள் சுற்றறிக்கை: பின்வாசல் பூட்டப்படும், பிள்ளைகளை முன்வாசலில் மட்டும் இறக்கிவிடவும், மஞ்சள் சட்டை போட்ட அப்பாக்கள் இரண்டு பேர் வாகன நிறுத்தத்தில் நிற்பார்கள். உங்களிடம் இவ்வளவு வேகம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது.

நானும் பயந்தேன், மறைப்பானேன். அன்றிரவு இரண்டு மணி வரை அந்தப் பதிவேட்டின் வரைபடத்தில் எங்கள் தெரு, பாட்டு டீச்சர் தெரு, நீச்சல் குளத்துத் தெரு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். வியாழக்கிழமை மாலை 'வாக்கிங்' என்று சொல்லிக்கொண்டு அந்த முகவரிப் பக்கம் போன மூன்று பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு முதியவரைப் படமெடுத்து, "இவன்தான்" என்று குழுவில் போட்டார்கள். அவருடைய மனைவி வெளியே வந்து, யாரையாவது தேடுகிறீர்களா, உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அந்த முதியவர் வேறு ஆள், அதே கட்டடத்தில் வேறு வீட்டுக்காரர். படத்தை நீக்கினார்கள். ஒரு 'ஸாரி' குழுவில் வரவில்லை. பதிவேட்டுத் தகவலை வைத்துக்கொண்டு யாரிடமாவது வம்பு செய்தால் அதற்கே தண்டனை உண்டு என்று இந்த மாநிலச் சட்டம் சொல்கிறது. அந்த முதியவரின் பேத்தி எந்தப் பள்ளியில் படிக்கிறாளோ, அதில் நம் பிள்ளைகள் யாராவது இருப்பார்களோ என்று எனக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட குற்றவாளி எங்கே குடியிருக்கிறான் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவிக்கும் சட்டம் பிறந்ததே நம் மாநிலத்தில்தான். ஹாமில்டன் என்ற ஊர் நமக்கு ஒன்றும் தூரமில்லை. 1994 ஜூலை 29 அன்று அங்கே மேகன் கான்கா என்ற 7 வயதுப் பெண்ணை, நாய்க்குட்டி காட்டுகிறேன் வா என்று கூப்பிட்டுப் போனவன் கொன்றான். ஏற்கெனவே இரண்டு முறை சிறுமிகளிடம் குற்றம் செய்து தண்டிக்கப்பட்டவன். அது மேகனின் பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பிள்ளை இன்று இருந்திருப்பாளே என்று அவர்கள் கதறியதில்தான் மூன்றே மாதத்தில், அக்டோபர் 31 அன்று, மேகன் சட்டம் கையெழுத்தானது. 1996-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. அந்தத் தாய் தகப்பனுக்கு முன்னால் நின்று பதிவேடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். மேகனைக் கூப்பிட்டவன் எங்கிருந்தோ வேன் ஓட்டிக்கொண்டு வந்த ஆளில்லை. எதிர்வீட்டுக்காரன். நாள்தோறும் பார்க்கிற முகம்.

பதிவேட்டு வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இல்லாத தெருவுக்கு வீடு மாற்றப்போவதாக ஒரு அம்மா குழுவில் எழுதியிருந்தார். அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த மாநிலத்தில், மறுபடி குற்றம் செய்யும் அபாயத்தை வைத்து, பதிவேட்டில் இருப்பவர்களுக்கு மூன்று அடுக்கு உண்டு. முதல் அடுக்கில் இருப்பவர்கள் விவரம் காவல்துறையோடு சரி. இரண்டாம் அடுக்கு என்றால் பள்ளிகள், குழந்தைக் காப்பகங்கள், கோடை முகாம்கள், பதிவு செய்துகொண்ட சமூக அமைப்புகள் ஆகியவற்றுக்கு அறிவிப்பு போகும். மூன்றாம் அடுக்குக்குத்தான் வீடு வீடாக வந்து சொல்வார்கள். இணையத்தில் நாம் பார்ப்பது எல்லாரையும் அல்ல. அவர்களை ஊரைவிட்டுத் துரத்தவும் முடியாது. பள்ளிக்கு இத்தனை அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்று சில ஊராட்சிகள் போட்ட விதிகளை மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் மேகன் சட்டத்தை ஆராய்ந்தவர்கள், அதனால் மறுபடி குற்றம் நடப்பது குறைந்ததாகத் தெரியவில்லை என்று எழுதினார்கள். மாநிலச் சிறைத்துறையும் ரட்கர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு அது.

எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த கணக்கு வேறு. அமெரிக்க மத்திய அரசின் நீதித் துறையுடைய புள்ளிவிவரப் பிரிவு 2000-இல் வெளியிட்ட அறிக்கை. காவல்துறைக்கு வந்த வழக்குகளில், 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் பாலியல் குற்றம் செய்தவர்களில் 34 சதவீதம் குடும்பத்தினர். 59 சதவீதம் தெரிந்தவர்கள். முன்பின் தெரியாதவர்கள் 7 சதவீதம்.

பின்வாசலைப் பூட்டியது அந்த 7-க்காக. மீதி 93-க்கு நம் பள்ளியில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்றுதான் பிப்ரவரியில் கேட்டேன்.

ஆண்டுவிழா நாடகத்துக்கு உடை அளவு பார்க்கும் வேலை 114-ஆம் அறையில் நடக்கிறது. அந்த அறைக் கதவில் ஒரு கண்ணாடி. அதன்மேல் சுருட்டிக் கட்டிய கறுப்புத் திரை. துப்பாக்கியோடு எவனாவது உள்ளே நுழைந்தால் பிள்ளைகள் இருப்பது தெரியாமலிருக்க இறக்குவதற்காக வைத்தது. வாரநாளில் அந்த வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதற்கு ஒத்திகைகூட உண்டு. சனிக்கிழமைகளில் நம்மவர்கள் அதை வேறு வேலைக்கு இறக்குகிறார்கள். கதவைச் சாத்தி, திரையை விட்டு, ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிட்டு உடை போட்டுப் பார்ப்பது. உள்ளே ஒரு பிள்ளை, ஒரு பெரியவர். என் மகளுக்கு முயல் வேஷம். அன்று காரில் வரும்போது சொன்னாள்: "அம்மா, அந்த ரூமுக்கு நான் தனியா போக மாட்டேன்." ஏன் என்றேன். "வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ஐ டோன்ட் லைக் இட்." வேறு ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். திரும்பத் திரும்பக் கேட்டேன், இல்லை என்றுதான் சொன்னாள். அவளை நம்புகிறேன். அந்த மனிதர் தவறு செய்தார் என்று அன்றும் எழுதவில்லை, இன்றும் எழுதவில்லை. நான் எழுதியது இரண்டு வரி: எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். பிள்ளைகளோடு வேலை செய்யும் தன்னார்வலர் எல்லாருக்கும் பேக்கிரவுண்ட் செக் எடுங்கள்.

மின்னஞ்சலுக்கு மின்னஞ்சல் வரவில்லை. உங்களில் ஒருவர் போன் செய்தார். "அக்கா, எழுத்துல எதுவும் வேண்டாமே" என்றுதான் ஆரம்பித்தார். உடை அளவு பார்க்கும் அண்ணன் பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கு உழைக்கிறார், இதைக் கேட்டால் உடைந்து போய்விடுவார், நம் ஆட்களை நாமே சந்தேகப்பட்டால் எப்படி என்றார். மரியாதையாகத்தான் பேசினார், குறை சொல்ல முடியாது. அடுத்த சனிக்கிழமை முயல் வேஷம் வேறொரு பிள்ளைக்குப் போயிருந்தது. "பாப்பாவுக்குக் கஷ்டமா இருந்தா வேண்டாமேன்னுதான்" என்று எனக்கு விளக்கம் கொடுத்தார்கள்.

மகள் அழவில்லை. இரவு பல் தேய்த்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்துக் கேட்டாள்: "நான் உங்ககிட்ட சொன்னேன், அதனாலதானே?" நான் ஏதோ சமாளித்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, "ஓகே, இனிமே சொல்லல" என்று விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல் முழுவதும்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் அந்த ஆளைப் பற்றி நமக்குத் தெரிந்துவிட்டது. ஏன் தெரிந்தது? என்றோ ஒரு பிள்ளை வாயைத் திறந்து சொன்னது. கேட்ட பெரியவர் நம்பினார். புகார் எழுத்தில் போனது, தீர்ப்பு வந்தது, பெயர் பட்டியலில் ஏறியது. எழுத்தில் எதுவும் வேண்டாம் என்று போன் செய்கிற இடத்தில் யார் பெயர் எந்தப் பட்டியலில் ஏறும்? என் வயதுத் தோழிகள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால், அந்த மாமா வந்தால் நான் மொட்டைமாடிக்குப் போய்விடுவேன் என்று ஒருத்தியாவது சொல்வாள். அந்த மாமாக்கள் எல்லாரும் எல்லாக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு எந்த வரைபடத்திலும் புள்ளி கிடையாது.

எங்கள் பையன் பேஸ்பால் ஆடும் இடத்தில், பயிற்சியாளருக்கு உதவியாகப் பந்து பொறுக்கிப் போட என் வீட்டுக்காரர் பெயர் கொடுத்தார். படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து பதில் வரும்வரை அவரை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்தி வைத்தார்கள். அவர் உடைந்து போகவில்லை. நன்றாகத்தான் சாப்பிடுகிறார். நம் பள்ளியில் மட்டும் ஏன் எல்லாரும் இவ்வளவு மெல்லிய கண்ணாடியாக இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. குத்துவிளக்கை யார் யார் எந்த வரிசையில் ஏற்றுவது என்று முடிவு செய்ய மூன்று ஜூம் கூட்டம் போட்டீர்கள். பொட்லக்கில் வேர்க்கடலை கூடாது என்பதற்கு இரண்டு பக்கத்தில் விதி இருக்கிறது, கையெழுத்து வாங்கினீர்கள். வாகன நிறுத்தத்துக்கு அம்புக்குறி போட்ட படம் வேறு. பிள்ளையோடு தனி அறையில் யார் இருக்கலாம் என்பதற்கு ஒரு வரி இல்லை. ஆத்திசூடியை மனப்பாடம் செய்ய வைக்கிறோம், "பெரியவங்களுக்கு வணக்கம் சொல்லு, அங்கிளைக் கட்டிப் பிடிச்சுக்கோ" என்று முதுகில் கை வைத்துத் தள்ளியும் விடுகிறோம். வேண்டாம் என்று பிள்ளை பின்னால் நகர்ந்தால் அதற்குப் பெயர் மரியாதை தெரியாத அமெரிக்கப் பிள்ளை.

மன்னியுங்கள். கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்க வேண்டாம். இரண்டு பெரியவர்கள் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், திரை மேலே சுருட்டியிருக்கட்டும். உடை மாற்ற மறைப்பு வேண்டுமென்றால் அறைக்குள் ஒரு தட்டி வையுங்கள், அந்தந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடுங்கள். பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலர் எல்லாருக்கும் சோதனை எடுங்கள். இலாப நோக்கற்ற பிள்ளைகள் அமைப்புகள் கைரேகை கொடுத்துத் தன்னார்வலர்களின் பின்னணியைப் பார்த்துக்கொள்ள இந்த மாநிலத்தில் வழி இருக்கிறது. முதல் கைரேகை என்னுடையதாக இருக்கட்டும், கட்டணத்தையும் நானே கட்டுகிறேன். சோதனையில் எல்லாம் பிடிபடாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் கதவை முதலில் எழுதினேன். இரண்டாம் அடுக்கு அறிவிப்புகள் முறைப்படி நமக்கு வர, பள்ளியைப் பதிவு செய்ய முடியுமா என்றும் விசாரியுங்கள். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை நம்பி யாரோ ஒரு தாத்தாவைப் படமெடுக்கிற வேலையாவது மிச்சமாகும்.

இன்னொன்று. போன் செய்த தம்பிக்கு ஒருவேளை தெரியாமலிருக்கலாம். ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடப்பதாக நியாயமான சந்தேகம் வந்தால் உடனே மாநிலத்துக்குச் சொல்வது நியூ ஜெர்சியில் ஒவ்வொருவருக்கும் சட்டக் கடமை. ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் மட்டுமல்ல, சிற்றுண்டி மேசையில் நிற்கும் எனக்கும்தான். தெரிந்தே சொல்லாமல் விட்டால் குற்றம். ஊரில் போக்சோ சட்டமும் இதையேதான் சொல்கிறது. இங்கே அப்படிச் சந்தேகப்பட எதுவும் இல்லை, அதனால் நான் மாநிலத்தின் புகார் எண்ணைக் கூப்பிடவில்லை. நாளைக்கு வேறொரு பிள்ளை வேறு ஏதாவது சொன்னால் முதலில் குழுவின் மனம் புண்படுமா என்று பார்த்துவிட்டு அப்புறம் கூப்பிடுவதா? எழுத்தில் பதில் வேண்டும்.

ஆண்டுவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு மறுபடி உடை ஒத்திகை என்று காலண்டரில் பார்த்தேன். அதற்குள் இந்த இரண்டு வரியை விதியாக்கிச் சுற்றறிக்கை அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பின்வாசலுக்குப் பத்து மணி நேரம் போதுமாயிருந்தது. இதற்கு மூன்று நாள் தருகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
மூன்றாம் நிலை மாணவி ஒருத்தியின் அம்மா

பி.கு.: முயல் காதுகள் இன்னும் எங்கள் கார் பின்சீட்டில்தான் கிடக்கின்றன. இப்போது நடிக்கும் பிள்ளைக்கு வேண்டுமானால் சனிக்கிழமை கொண்டுவருகிறேன். ஒன்பதரைக்கெல்லாம் 114-ஆம் அறை வாசலில் இருப்பேன்.