சம்மாட்டி அண்ணனுக்கும் பாசி அக்காமாருக்கும்

பாம்பன், குந்துகால், சின்னப்பாலம் சொந்தங்களுக்கு வணக்கம்.

மன்னார் வளைகுடாவில் ஓங்கில்களை, அதாவது டால்பின்களை, படமெடுத்து ஒவ்வொன்றாக அடையாளம் பிரிக்கும் என் களப்பணி முடிந்துவிட்டது. ஆய்வேட்டில் நன்றிப் பக்கம் உண்டுதான், ஆனால் அதைப் புரட்டப்போவது நாலு பேராசிரியர்கள். அதனால் எல்லோரும் பார்க்க இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அண்ணனுக்கு. இந்த வேலையில் முக்கால்வாசி சுக்கான் பிடிப்பவர் கையில்தான் இருக்கிறது. ஓங்கில் மூச்சுவிட மேலே வந்து முங்குவதற்குள் முதுகுத் துடுப்பு ஓரிரு நொடிதான் தெரியும். அதைப் பக்கவாட்டில் எடுத்தால்தான் படம் உதவும். பின்னால் துரத்திப் போனால் துடுப்பு வெறும் கோடாகத் தெரியும், கூட்டமும் மிரண்டுவிடும். அண்ணன் கூட்டத்துக்கு இணையாக, தள்ளியே, ஒரே சீராக வள்ளத்தை விடுவார். வெயிலும் எனக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்துக்கொள்வார். குட்டியோடு தாய் ஒதுங்கினால் நான் வாய் திறக்குமுன் இன்ஜின் அடங்கிவிடும்.

துடுப்பின் பின்விளிம்பில் இருக்கும் வெட்டுகள்தான் அடையாளம். தோல் கீறல் நாளடைவில் ஆறிவிடும், மறுபக்கத்தில் தெரியவும் தெரியாது. விளிம்பு வெட்டு நிற்கும். 1970களில் கனடாவின் மேற்குக் கரையில் ஆய்வாளர் மைக்கேல் பிக்கும் கூட்டாளிகளும் 'கொலையாளித் திமிங்கலம்' எனப்படும் ஓர்க்காக்களைத் தனித்தனியாக அறிந்ததும் இப்படித்தான். துடுப்புக்குப் பின்னால் உள்ள சாம்பல் நிறத் திட்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். கைபேசியில் ஓர்க்கா வீடியோ காட்டியபோது, ஆளுயரத் துடுப்பைக் கண்டு அண்ணன் அசரவே இல்லை. "இதுவும் ஓங்கில் சாதிதானே, எந்திரிக்கிற விதத்தைப் பாருங்க" என்றார். சரியாகச் சொன்னார். திமிங்கலம் என்று அழைத்தாலும் ஓங்கில் குடும்பத்திலேயே பெரியது அதுதான்.

அப்புறம், வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் நின்று, ஆலாக் குருவிகள் என்னும் கடற்பறவைகள் இறங்கும் இடத்தைக் கை காட்டிய தம்பி. மீன் கூட்டம் இருக்கும் இடத்துக்கு ஓங்கிலும் வரும் என்பது அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. துடுப்பின் நுனி அறுந்துபோன ஒன்றுக்கு 'மொட்டையன்' என்று பெயர் வைத்தவனும் அவனே. என் கோப்பில் அதற்கு வெறும் எண்.

விடியலில் கடற்பாசி எடுக்கப் போகும்போது எந்தப் பக்கம் ஓங்கில் கண்டோம் என்று தவறாமல் சொல்லியனுப்பிய சின்னப்பாலம் அக்காமாரே, உங்கள் தகவலால் மிச்சமான டீசல் கொஞ்சமல்ல. கச்சான் காற்று அடித்துத் தென்கடலான மன்னார் வளைகுடா புரண்டபோது வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் வள்ளம் ஏற்பாடு செய்த மண்டபத்து மாமாவுக்கும், அனுமதி தந்த வனத்துறைக்கும் நன்றி.

துடுப்புப் படங்களை அச்செடுத்துக் குந்துகால் டீக்கடையில் வைத்திருக்கிறேன். மொட்டையனைக் கண்டால் இடமும் நேரமும் குறித்துப் படம் அனுப்புங்கள், பக்கவாட்டில் எடுத்தது மட்டும்! டீசல் கணக்கில் பாக்கி ஏதும் இருந்தால் அண்ணன் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் ஆய்வு மாணவி