சம்பளத்தில் பிடித்த வரியைக் கம்பெனியிடம் கேளுங்கள், தொழிலாளியின் ரீபண்டில் எடுக்காதீர்கள்

வருமான வரி நிர்வாகத்தில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும் மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். திருப்பூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். போன வாரம் எங்களிடம் வரும் ஒருவருக்கு உங்களிடமிருந்து செய்தி வந்தது. அதிகமாகக் கட்டிய வரியாக அவருக்குத் திரும்பி வர வேண்டிய 31,400 ரூபாய் ரீபண்டை, 2018-19 நிதியாண்டின் பழைய டிமாண்டுக்காக (வரி பாக்கி என்று நீங்கள் கேட்கும் தொகைக்காக) முழுவதுமாகக் கழித்துக்கொண்டீர்கள். அந்த டிமாண்டு அவர் கட்டாமல் விட்ட வரிக்கு வந்ததல்ல. அவர் சம்பளத்தில் பிடித்த வரியை அவருடைய பழைய கம்பெனி உங்களிடம் கட்டாமல் போனதால் வந்தது.

இந்த மாதிரிக் கதைகள் உங்களுக்குப் புதிதில்லை. சட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த ஒரு மனிதருக்கு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அவர் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தார். அந்த ஆண்டு அவருடைய மொத்த வரி 44,200 ரூபாய். அவருடைய சம்பளச் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். பி.எஃப். பிடித்தத்துக்குக் கீழே 'ஐ.டி. 3,683' என்று, அதாவது வருமான வரி என்று, பன்னிரண்டு சீட்டிலும் இருக்கிறது. அந்தப் பணம் போக மீதிதான் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. ஆனால் கம்பெனி அரசுக்குக் கட்டியது செப்டம்பர் வரை பிடித்ததை மட்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை பிடித்த ஏறத்தாழ 22,100 ரூபாய்க்கு, ஒருவர் பெயரில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் ஒரு பதிவுகூடக் கிடையாது. 2019 மே மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள். வரி பிடித்ததற்குக் கம்பெனி தர வேண்டிய சான்றிதழான ஃபார்ம் 16 கிடைக்கவில்லை. இரண்டு மாதச் சம்பளமும் போச்சு.

இதில் அவர் எந்த இடத்தில் விழிப்பாக இருந்திருக்க முடியும்? கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடித்த வரி) கணக்கைத் தாக்கல் செய்யக் கம்பெனிக்கு மே 31 வரை அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் தொழிலாளியின் 26ஏஎஸ்-இல் அது தெரியும். தனக்கு மோசம் நடந்தது தெரியும்போது ஆண்டும் முடிந்திருக்கும், கம்பெனியும் போயிருக்கும். சம்பளம் கொடுக்கிறவர் பிடித்தே தீர வேண்டும் என்று விதித்தது நீங்கள். பிடிக்காதே, நானே கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. உங்களுக்காக வசூல் செய்தவர் பணத்தோடு போனால், அந்தப் பணத்தைக் கொடுத்தவரிடமே மறுபடியும் கேட்பது எப்படிச் சரியாகும்?

கம்பெனி மூடிய அந்த இரண்டு மாதத்தில் வீட்டு வாடகைக்கும் குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கும் மனைவியின் ஒன்றரைப் பவுன் செயினை வங்கியில் அடகு வைத்தார். வருடா வருடம் வட்டியைக் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே வருகிறார். இப்போது வேறு கம்பெனியில் வேலை. அங்கே வாடகை ரசீது கொடுப்பதற்குள் வரியை அதிகமாகப் பிடித்துவிட்டார்கள், அதனால்தான் இந்த ரீபண்ட். இது வந்ததும் செயினைத் திருப்பிவிடலாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து, "நான் யாரையும் ஏமாத்தலையே சார், அப்புறம் ஏன் என்கிட்ட எடுக்கறாங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

ரீபண்டைக் கழிப்பதற்கு முன் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 245ஆம் பிரிவின்படி அறிவிப்பு அனுப்பி, மறுப்புச் சொல்ல 21 நாள் தருகிறீர்கள். தந்தீர்கள், மறுத்தோம், காரணத்தையும் எழுதினோம். அதன் பிறகும் கழித்துவிட்டீர்கள். உள்ளூர் அலுவலகத்துக்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு நகலும் கொண்டுபோனால், டிமாண்டு போட்டது ரிட்டர்ன்களைச் சரிபார்க்கும் செயலாக்க மையம், அங்கே கேளுங்கள் என்கிறார்கள். மையத்தில் புகார் போட்டால், உங்கள் பகுதி அதிகாரியை அணுகவும் என்று பதில் வருகிறது. ஃபார்ம் 16 இருந்தால் கொண்டு வாருங்கள் என்றும் ஓர் இடத்தில் சொன்னார்கள். வரியையே கட்டாமல் மூடிப்போன கம்பெனி ஃபார்ம் 16 எங்கிருந்து கொடுக்கும்?

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு தெளிவாகவே இருக்கிறது. வரி பிடித்தம் செய்யப்பட்ட அளவுக்கு, அதே வரியைக் கட்டச் சொல்லி அந்த நபரிடம் கேட்கக் கூடாது. 2015 ஜூனிலும் பிறகு 2016 மார்ச்சிலும் மத்திய நேரடி வரிகள் வாரியமே இதை நினைவூட்டி, இப்படி வந்த டிமாண்டுகளைக் கட்டாயப்படுத்தி வசூலிக்கக் கூடாது என்று அதிகாரிகளுக்கு எழுதியது. கிங்ஃபிஷர் விமான நிறுவனம் ஊழியர்களிடம் பிடித்த வரியைக் கட்டாமல் விட்டது ஊரறிந்த செய்தி. அங்கே விமானியாக இருந்த ஒருவரின் வழக்கில் 2021இல் குஜராத் உயர் நீதிமன்றம், பிடித்த வரிக்கான வரவை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. 2023 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. நேராகக் கேட்காமல் பின்னால் வரும் ரீபண்டில் கழித்துக்கொள்வதும் மறைமுக வசூல்தான், அதையும் 205ஆம் பிரிவு தடுக்கிறது என்றது. எங்கள் மெர்ச்சண்டைசருக்கு நடந்திருப்பது அச்சு அசலாக அதேதான். உயர் நீதிமன்றம் வரை போக விமானிக்கு முடிந்தது. மாதச் சம்பளத்தில் வட்டி கட்டிக்கொண்டிருப்பவர் 31,400 ரூபாய்க்காக வக்கீல் வைத்து வழக்குப் போட முடியுமா?

நடுவே வட்டியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிமாண்டு நிலுவையில் நின்றால் மாதம் 1 சதவீதம் வட்டி போடுகிறீர்கள். 22,100 ரூபாய் வரிக்கு மட்டும் பார்த்தாலே மாதம் 221 ரூபாய். ஐந்து வருடத்தில் 13,260. அவர் தர வேண்டாத பணத்துக்கு இத்தனை வட்டி. நீங்கள் எங்களுக்குத் தர வேண்டிய ரீபண்ட் தாமதமானால் மாதம் அரை சதவீதம்தான், அந்த வட்டியையும் வருமானமாகக் காட்டி வரி கட்ட வேண்டும். ஜூலையில் ரிட்டர்ன் போட்டுவிட்டு அடுத்த வருடம் டிசம்பர் வரைகூட ரீபண்டுக்குக் காத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது. டெபாசிட் வட்டியில் பிடித்த வரி எப்போது வரும் என்று எங்கள் வாசலில் வந்து நிற்கும் ஓய்வூதியக்காரர்களைப் பார்த்தால் மனசு கொதிக்கிறது. அவர்களில் வரி விலக்கு வரம்புக்கு மேல் வருமானம் உள்ளவர்கள் ரிட்டர்ன் போட ஒரு நாள் தாமதித்தாலும் அபராதக் கட்டணம் உண்டு.

சரி, அது தனியாக எழுத வேண்டிய விஷயம். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் பழைய சிறு டிமாண்டுகளை ரத்து செய்வதாக நிதியமைச்சர் அறிவித்தார். நேர்மையாக வரி கட்டுகிறவர்களுக்கு அவை கவலையைத் தருகின்றன, பின்னால் வரும் ரீபண்டுகளையும் தடுக்கின்றன என்று காரணமும் சொன்னார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அதனால் பயன் என்றார். உண்மையிலேயே நல்ல காரியம், எங்களிடம் வருகிறவர்களில் சிலருக்கும் அதனால் நிம்மதி கிடைத்தது. ஆனால் அது 2014-15 நிதியாண்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் கம்பெனி செய்த தவறுக்காகத் தொழிலாளியின் பெயரில் நிற்கும் டிமாண்டுகள் அப்படியே இருக்கின்றன. அவர்கள் சலுகை கேட்கவில்லை, தள்ளுபடியும் கேட்கவில்லை. ஒருமுறை கட்டிய வரியை மறுபடியும் கேட்காதீர்கள் என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆகவே உங்களிடம் பணிவோடு கேட்கிறேன். சம்பளத்தில் வரி பிடித்ததற்குச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கும் சான்றாக இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஃபார்ம் 16 இல்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். அந்த அளவுக்கான டிமாண்டைக் கணக்கிலிருந்தே நீக்குங்கள். வசூலிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுக் கணக்கில் வைத்திருந்தால், அடுத்த ரீபண்ட் வரும்போது கணினி தானாகக் கழித்துவிடுகிறது. இதற்கு யார் பொறுப்பு, மையமா உள்ளூர் அதிகாரியா என்பதை எழுத்தில் முடிவு செய்து, அந்த ஒருவரிடம் ஒருமுறை மனுக் கொடுத்தால் போதும் என்று ஆக்குங்கள். வரி பிடிப்பதற்காகக் கம்பெனி வாங்கிய டான் எண், அதன் பான் எண், இயக்குநர்களின் விவரம் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. பிடித்த வரியைக் கட்டாதவர்களைச் சிறைக்கு அனுப்பும் 276பி பிரிவும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. பணத்தை அவர்களிடம் கேளுங்கள், தொழிலாளியின் ரீபண்டில் எடுக்காதீர்கள்.

எங்கள் மெர்ச்சண்டைசரின் திருத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. அதை எடுத்துப் பார்த்து, கழித்த 31,400 ரூபாயை வட்டியோடு திருப்பித் தர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு வரிக் கணக்கு எழுத்தர்