மில்லிங் மிஷின் பார்த்துவிட்டேன்

திங்கள்சந்தை
மே 11

அன்பு மக்களே,

பட்டறைக்கு மில்லிங் மிஷின் வாங்கப் பணம் அனுப்பட்டுமா என்று நீ போனில் கேட்டபோது “பார்ப்போம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதில் உனக்கு மனத்தாங்கல் என்று அம்மா சொன்னாள். பணம் அனுப்புகிறேன் என்கிற பிள்ளையிடம் சட்டென்று வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சரி என்றும் சொல்ல முடியவில்லை. அதனால் நீ படம் அனுப்பிய, கட்டரைச் சுற்றவிட்டு இரும்பைச் செதுக்குகிற அந்தக் குட்டி மில்லிங் மிஷினை நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நாகர்கோவிலில் ராத்திரி ரயில் ஏறிக் கோயம்புத்தூர் போய் வந்தேன். சட்டைப் பையில் நூலளவு அசைவையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜ். தோள்பையில் மேக்னட் ஸ்டாண்டு, 40 மி.மீ. ஷாஃப்ட் துண்டு ஒன்று, ஒரு 12 எம்.எம். கட்டர். கல்யாண வீட்டுக்குப் போவதுபோல வெள்ளை வேட்டி வேறு. உன் அம்மாவின் ஏற்பாடு.

நம் பட்டறைக்கு மில்லிங் எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிஷினைப் பற்றிய பேச்சு அப்புறம். ஏப்ரல் 15-க்கு சின்னமுட்டம் படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியாயிற்று. ஜூன் 1-க்கு குளச்சல், முட்டம் பக்கமும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், கிழக்குக் கடலுக்கு ஒரு தேதி, மேற்குக் கடலுக்கு ஒரு தேதி. நமக்கு அது நல்லதுதான், மூன்றரை மாதம் புரொப்பல்லரைச் சுற்றுகிற ஷாஃப்ட் வேலை வரும். கடைசல் எல்லாம் லேத்தில் முடித்துவிடுகிறேன். கீவே (புரொப்பல்லரை ஷாஃப்டோடு பூட்டுகிற கீ என்ற இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம்) வெட்டத்தான் இன்னொருவன் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. முன்னும் பின்னும் ஓடி இழைக்கிற நம் ஷேப்பரில் வெட்டலாம், ஆனால் நுனி மூடிய கீவேக்கு ஓட்டை போட்டு, உளி வைத்து, அரம் தேய்த்து அரை நாள் போகும். போன வருஷம் வெளியில் கொடுத்த ஒரு ஷாஃப்டில் 12 கேட்ட இடத்தில் 12.2 வெட்டித் தந்தார்கள். 12 மி.மீ. கீவேயில் நான்கு கோட்டுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. டயல் கேஜில் ஒரு கோடு 0.01 மி.மீ. அவர்கள் விட்டது இருபது கோடு. கீ ஆடினால் நடுக்கடலில் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கடித்துக்கொண்டு கிடக்கும். புது ஷாஃப்ட் என் கைக்காசில்தான் போட்டுக் கொடுத்தேன்.

சரி, கோயம்புத்தூர் கதை. பார்க்க அழகான மிஷின்தான். பச்சை பெயின்ட், வேகத்தைக் காட்டும் சின்னத் திரை, சுவிட்சைத் திருகினால் விர்ரென்று சுற்றுகிறது. மொத்த எடை 60 கிலோ, உன் சித்தப்பாவைவிடக் குறைவு. ஸ்டாண்டை டேபிளில் வைத்து, டயலைக் கட்டர் மாட்டிச் சுற்றுகிற ஸ்பிண்டிலில் தொடவிட்டு, மிஷினின் தலையை ஒரு கையால் தள்ளினேன். முள் பதினான்கு கோடு நகர்ந்தது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. விற்கிற பையன், “சார், அப்படித் தள்ளக்கூடாது” என்றான். தம்பி, நான் தள்ளாவிட்டால் கட்டர் தள்ளும் என்றேன்.

நல்ல பையன், வெட்டிப் பார்க்கவும் விட்டான். எண்ட் மில்லுக்கு, அதாவது நான் கொண்டுபோன மாதிரிக் கட்டருக்கு, இரும்பில் நிமிஷத்துக்கு 25 மீட்டர் வேகம் என்று கணக்குப் போட்டால் 12 எம்.எம். கட்டருக்கு 660 சுற்று வரும். அதில் வைத்து 1 மி.மீ. ஆழம் இறக்கினேன். ஒரு அலறல்! அரை மில்லிக்குக் குறைத்தபிறகுதான் அழுகை அடங்கியது. கீவேயின் சுவரில் விரலை ஓட்டினால் அரிசி அரிக்கும் சல்லடை மாதிரி நெறுநெறு. உள்ளே கியர் பிளாஸ்டிக், கட்டர் சிக்கினால் முதலில் போவது அதுதான். மோட்டாரை ஓட்டுவது ஒரு எலக்ட்ரானிக் போர்டு. நம் ஊர்க் கரண்ட் மழைக்காலத்தில் ஆடுகிற ஆட்டத்துக்கு அது எத்தனை நாள் தாங்கும்? அலுமினியத்தில் சின்னச் சின்ன வேலை செய்பவனுக்கு அது போதும். குறை மிஷினில் இல்லை, அதைக் கொண்டுவந்து படகு வேலைக்கு நிறுத்தினால் குறை நம்முடையது.

திரும்பி வந்த மறுநாள் கோணம் தொழிற்பேட்டையில் ஒரு பழைய மிஷின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். இதுவும் மேஜை மேல் வைக்கிற வகைதான், ஆனால் 300 கிலோ வார்ப்பிரும்பு. டேபிள் முழுக்க டிரில் விழுந்த குழிகள், அம்மை வடு மாதிரி. யாரோ கட்டை வைக்காமல் ஓட்டை போட்டிருக்கிறான், பாவி. அதே தள்ளு தள்ளினேன். மூன்று கோடு. அரை மணி நேரம் ஓடவிட்டு, ஸ்குரூ டிரைவர் நுனியை பேரிங் பக்கம் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். நீ நோயாளி நெஞ்சில் குழாய் வைப்பதுபோலத்தான். சீரான இரைச்சல், கரகரப்பு இல்லை. கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடு. கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று சும்மா போகிறது. ஸ்குரூ நட்டு தேய்ந்திருக்கிறது. கட்டர் சுற்றுக்கு எதிராகவே வேலையை (வெட்டுகிற இரும்பை) ஊட்டினால் பாதகமில்லை. அதன் போக்கில் ஊட்டினால் கட்டர் வேலையை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், நான் அப்படிச் செய்யப் போவதில்லை.

ஒரு பெரிய குறை உண்டு. தலையைத் தாங்குகிற தூண் உருண்டை. தலையை மேலே ஏற்றினால் அது தூணைச் சுற்றி லேசாகத் திரும்பிவிடும், முன்பு பிடித்து வைத்த சென்டர் போய்விடும். குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷினுக்கு பேரிங் பிளாக் செய்யச் சொல்லி வருவார்கள் அல்லவா, அதற்கு டிரில் மாற்றி, ஓட்டையைப் பெரிதாக்கும் போரிங் பார் போடும்போதெல்லாம் மறுபடி டயல் வைத்து சென்டர் பிடிக்க வேண்டும். கீவேக்கு அந்தத் தொல்லை இல்லை. தலையை ஒரு தடவை பூட்டிவிட்டுக் குயில், அதாவது ஸ்பிண்டிலோடு ஏறி இறங்குகிற குழல், இறங்குகிற தூரத்திலேயே வேலை முடியும். (குயில் கூவுமா அப்பா என்று டிரில்லிங் மிஷினைப் பார்த்து நீ கேட்டது நினைவிருக்கிறதா? இப்போதும் குயிலை இறக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான்.) வருஷத்தில் பத்து பிளாக்குக்காக சதுரத் தூண் மிஷினுக்கு இரண்டு மடங்கு பணம் போட எனக்கு மனமில்லை.

இன்னொன்று, இதன் ஸ்பிண்டிலின் கூம்புத் துளை எம்.டி.3 அளவு. நம் லேத் டெயில்ஸ்டாக்கும் அதுவே, இருக்கிற டிரில் சக்கும் ஸ்லீவும் அப்படியே ஏறும். கட்டரை இறுக்கிப் பிடிக்கிற காலெட் மட்டும் தனியாக வாங்க வேண்டும். டிரில் சக்கில் எண்ட் மில்லைப் பிடித்தால் பக்கவாட்டு இழுப்பில் சக்கே கழன்று காலில் விழும்.

மிஷின்காரர் எண்பதாயிரம் கேட்டார். டேபிள் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டி அறுபத்தெட்டுக்கு இறக்கியிருக்கிறேன், அட்வான்ஸும் என் பணத்தில் கொடுத்தாயிற்று. நீ சொன்ன ஒன்றரை லட்சம் வேண்டாம். நல்ல வைஸ் ஒன்றும் காலெட் செட்டும் உன் கணக்கில் வாங்கிக்கொள்கிறேன், முப்பதாயிரம் அனுப்பினால் போதும். மீதியை நீயே வைத்துக்கொள், அந்த ஊர் வாடகை எனக்குத் தெரியாதா.

வருகிற வெள்ளிக்கிழமை செயின் பிளாக் போட்டு இறக்குகிறோம். ஷேப்பர் நின்ற மூலையில் தரையைக் கொத்தி காங்கிரீட் போட்டிருக்கிறேன், காய்கிறது. கடல்காற்றுக்கு டேபிளில் எண்ணெய் பூசி மூட வேண்டும் என்று என் பழைய கைலிச் சாரம் இரண்டை எடுத்து வைத்தேன். அம்மா அதைத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். வேறு தேட வேண்டும்.

அன்புடன்,
அப்பா