பந்தைக் குறையுங்கள், மைதானத்தை நீட்டாதீர்கள்

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள, கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பின் பொறுப்பாளர்களுக்கும், அவ்வூரின் ஓல்டு கோர்ஸ் மைதானத்தைப் பராமரிக்கும் லிங்க்ஸ் அறக்கட்டளையினருக்கும்,

வணக்கம்.

இதன் ஆங்கிலப் படியை உங்கள் முகவரிக்குத் தனியே அனுப்பிவிட்டேன். தமிழில் வெளியிடுவதற்குக் காரணம் உண்டு. இந்த மடலில் வரும் மனிதர்கள் தமிழ் மட்டுமே படிப்பவர்கள். அவர்களுடைய குறையை அவர்களுக்குப் புரியாத மொழியில் மட்டும் எழுதுவது முறையாகாது.

நான் நீலகிரியில் பிறந்தவன். நாற்பது ஆண்டுகளாக ஒரே மலை மைதானத்தில் கோல்ஃப் ஆடி வருகிறேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். தவறு அந்த ஒரு சங்கத்தோடு முடிவதில்லை. சென்ற குளிர்காலத்தில் அதன் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். ஏழாவது குழிக்கான தொடக்க மேடையை முப்பத்தைந்து கெஜம் பின்னால் கொண்டுபோகப் போவதாக அறிவிப்பு. எதற்கு என்று நிர்வாகக் குழுவில் ஒருவரிடம் கேட்டேன். 2027 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டிக்காக ஓல்டு கோர்ஸையே நீட்டுகிறார்கள், நாம் நீட்டினால் என்ன என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை. அவர் சொன்னது உண்மை. நீங்கள் நீட்டத்தான் செய்கிறீர்கள்.

அந்தத் தாளில் எழுதாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். ஆறாவது குழியைச் சுற்றிய புல்தரையான கிரீனுக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே அரை ஏக்கர்கூட வராத ஒரு மேட்டு நிலம் இருந்தது. பை சுமக்கும் தொழிலாளர்கள் ஆடிய இடம் அது. திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று அவர்கள் பிள்ளைகளோடு வருவார்கள். உறுப்பினர்கள் வேண்டாம் என்று கொடுத்த மட்டைகளைக் குட்டையாக அறுத்து, பால்பொடி டப்பாக்களைத் தரையில் புதைத்து, மூன்று குழிகள் அமைத்திருந்தார்கள். மூன்றே குழிதான். ஆனால் ஒவ்வொன்றையும் நான்கு விதமாக ஆடலாம். சரிவு எந்தப் பக்கம் இழுக்கும், பனி காயாத காலையில் பந்து எங்கே நின்றுவிடும், வேர் புடைத்த இடத்தில் எப்படித் தாவும் என்று எட்டு வயதுப் பையன்கூடச் சொல்வான். எங்கள் மைதானத்தில் உருப்படியாக ஆடத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அந்த மேட்டில் கற்றவர்கள்.

நானும் அங்கேதான் கற்றேன். எனக்குப் பை தூக்கிய அண்ணனுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. கிரீனுக்குப் பக்கத்தில் நான் பந்தை உயரத் தூக்கி அடிக்கப் போகும்போதெல்லாம், “தூக்காதீங்க தம்பி, உருட்டி விடுங்க” என்பார். என் ஆட்டத்தில் நல்லது என்று ஏதாவது இருந்தால் அது அந்தச் சொல்லிலிருந்து வந்தது.

மண் அள்ளும் இயந்திரம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. டப்பாக்களை எடுத்துக்கொள்ளக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இப்போது அங்கே ஒரு சதுர மேடை, சுற்றிலும் கயிறு. மேடை திறந்த பிறகு ஒரு வாரம் முழுவதும் கவனித்தேன். அதிலிருந்து அடித்தவர்கள் இரண்டு பேர். ஆனால் அந்த இரண்டு பேருக்காக அண்ணன் ஆறாவது கிரீனிலிருந்து பையோடு மேட்டில் பின்னோக்கி ஏறி, பிறகு அதே வழியில் இறங்கி வர வேண்டியிருக்கிறது. அவருக்கு முழங்கால் வலி. சுற்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஏறுவதற்குத் தனிக் கூலி இல்லை. “பழகிடும் தம்பி” என்றார். அதைக் கேட்ட அன்று இரவு இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

இதற்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அமெரிக்காவும் மெக்சிகோவும் நீங்கலாக உலகம் முழுவதும் இந்த ஆட்டத்தின் விதிகளை வகுப்பவர்கள் நீங்கள். ஓல்டு கோர்ஸில் நீங்கள் ஒரு செங்கல்லை நகர்த்தினால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் ஒரு குழு அதைக் காட்டித் தனக்கு வேண்டியதைச் செய்துகொள்கிறது. எனவே உங்களிடம் என் கோரிக்கை ஒன்றே: பந்து பறக்கும் தூரத்தைக் குறையுங்கள், மைதானத்தை நீட்டாதீர்கள்.

கணக்கு உங்களிடமே இருக்கிறது. 1995 ஓப்பனில் ஓல்டு கோர்ஸின் நீளம் 6,933 கெஜம். 2000-இல் 7,115. 2022-இல் 7,313. 2027 ஓப்பனுக்கு 7,445 என்று அறிவித்திருக்கிறீர்கள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெல்லும் இந்த ஆட்டத்தில், 2000-இல் டைகர் உட்ஸ் 269 அடிகளில் வென்றார். ஏறத்தாழ 200 கெஜம் கூட்டிய பிறகு, 2022-இல் கேமரன் ஸ்மித் 268 அடிகளில் வென்றார். நீளம் கூட்டியதால் எது கடினமாயிற்று?

அதே ஸ்மித்தின் கடைசி நாள் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். 17-ஆவது குழியில் அவருடைய பந்து ரோடு பங்கர் என்னும் மணற்பள்ளத்துக்கு முன்னால் வந்து நின்றது. கொடி பள்ளத்துக்கு அந்தப் பக்கம். பட்டம் ஒரு அடியில் கைநழுவக்கூடிய நேரம். அவர் தூக்கி அடிக்கவில்லை. கிரீனில் பந்தை உருட்டும் பட்டர் மட்டையை எடுத்து, பள்ளத்தைச் சுற்றிச் சரிவில் ஏற்றி உருட்டிவிட்டார். பிறகு பத்தடி தூரத்திலிருந்து அடுத்த அடியில் குழியில் போட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு அண்ணனின் குரல் கேட்டது. அந்த அடிக்கும் மேடை எங்கே இருக்கிறது என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அதை ஆட வைத்தது தரை.

நான் அந்தத் தரையில் நடந்திருக்கிறேன். மகளின் பட்டமளிப்புக்காக ஸ்காட்லாந்து வந்தபோது ஓல்டு கோர்ஸில் ஆட இரண்டு நாள் குலுக்கலில் பெயர் கொடுத்தேன், விழவில்லை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது, ஊரார் நடக்கலாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்தில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், நாய்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஒரு பாட்டி பின்னலோடு உட்கார்ந்திருந்தார். இந்தப் புல்வெளியில் ஆட ஊராருக்கு உரிமை உண்டு என்று 1552-இலேயே எழுதிவைத்த ஊர் அல்லவா! பதினெட்டுக் குழிகளையும் நடந்தே பார்த்தேன். படங்களில் சமதளமாகத் தெரிந்த இடம் காலுக்கடியில் அலை அலையாகப் புரண்டது. ரோடு பங்கர் படத்தில் சின்னதாகத்தான் தெரியும். பக்கத்தில் போய் நின்றபோதுதான், சுற்றியுள்ள தரையே அதை நோக்கிச் சரிந்து பந்தை உள்ளே இழுக்கிறது என்று புரிந்தது. 1978 ஓப்பனில் ஜப்பானின் நாகாஜிமா இரண்டே அடிகளில் கிரீனில் பந்தைச் சேர்த்துவிட்டு, அடுத்த அடியை அந்தப் பள்ளத்துக்குள் உருட்டி, வெளியே வர நான்கு அடிகள் எடுத்து, அந்தக் குழிக்கு ஒன்பது என்று எழுதிக்கொண்டதன் காரணம் அங்கே நின்றால் தெரிகிறது. ஒரு மனிதர் வரைந்து கட்டியதல்ல அது. காற்றும் ஆடுகளும் ஆட்டக்காரர்களும் சேர்ந்து பல நூறு ஆண்டுகளில் உண்டாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் பராமரித்த ஓல்டு டாம் மாரிஸ் போன்றவர்கள் அதைத் திருத்தியபோதும் தரையின் போக்கில்தான் போனார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு கிரீனை விட்டு இறங்கினால் பெரும்பாலும் அடுத்த மேடை பக்கத்திலேயே இருக்கிறது. 1744-இல் லீத்தில் எழுதி, 1754-இல் உங்கள் ஊரார் ஏற்றுக்கொண்ட விதிகளில் முதல் விதியே அதுதான்: முந்தைய குழியிலிருந்து ஒரு மட்டை நீளத்துக்குள் அடுத்த பந்தை வைக்க வேண்டும். முதல் விதி! கிரீன்களைப் பாதுகாக்க அது பிறகு மாறியதில் தவறில்லை. ஆனால் 2010-இல் 17-ஆவது மேடையை நாற்பது கெஜம் பின்னால் தள்ளி, பழைய ரயில் பாதைக்கு அப்பால், மைதானத்தின் எல்லைக்கே வெளியே வைத்தீர்களே, அதை எந்த மரபில் சேர்ப்பது? மைதானத்துக்கு வெளியே நின்று மைதானத்தை நோக்கி அடிப்பதுதான் கோல்ஃப் என்றால், எங்கள் குழு சோலைக்காட்டுக்குள் புகுந்ததை நான் எப்படிக் குறை சொல்வது?

2022-இல் ஒரு சுற்று முடிய ஆறு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. வெறுமனே நின்றே பொழுது கழிந்தது. நான்கு அடிகளில் முடிக்க வேண்டிய குழியில் முதல் அடியே கிரீனை எட்டும் என்றால், முன்னால் போகிறவர்கள் ஆடி முடித்து விலகும்வரை பின்னால் வருகிறவர்கள் காத்துத்தானே ஆக வேண்டும்? ஏழாவதும் பதினொன்றாவதும் குறுக்கே வெட்டும் இடத்தில் நெரிசல். காற்றில் கால் கடுக்க நிற்பதற்கு இந்த ஆட்டம் உண்டாகவில்லை. நடப்பதற்கு உண்டானது. நடந்து, யோசித்து, கூட வருபவரோடு நாலு வார்த்தை பேசி, மூன்று மணி நேரத்தில் வீடு திரும்புவதற்கு. இன்று எங்கள் பக்கத்தில் பல மைதானங்களில் மின்வண்டி இல்லாமல் ஆட விடுவதில்லை. பை சுமப்பவர் வேண்டாம், பேச்சு வேண்டாம், நடை வேண்டாம், திரையில் தூரம் தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டது. எத்தனை கெஜம் அடித்தான் என்பதைத் தவிர ஒருவனைப் பற்றிச் சொல்ல வேறு செய்தி இல்லாமல் போயிற்று. இது எல்லாவற்றுக்கும் உங்களைக் குறை கூறுவது நியாயமாகாது. கோபத்தில் வழி விலகிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண் மூடி இருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. தூரம் கூடுவதும், அதற்காக மைதானங்கள் நீள்வதும் நிற்க வேண்டும் என்று 2020-இல் அமெரிக்க அமைப்போடு சேர்ந்து நீங்களே அறிக்கை வெளியிட்டீர்கள். 2023 டிசம்பரில் பந்து பறக்கும் தூரத்தை அளக்கும் சோதனையை இறுக்குவதாகவும் அறிவித்தீர்கள்: உயர்மட்டப் போட்டிகளுக்கு 2028, மற்றவர்களுக்கு 2030. மிக நீளமாக அடிப்பவர்களுக்கு அதிகபட்சம் பதினைந்து கெஜம் குறையும், என் போன்றவர்களுக்கு ஐந்து கெஜத்துக்கு மேல் குறையாது என்றும் சொன்னீர்கள். அன்று நான் எங்கள் சங்கத்தில் எல்லோரிடமும் அதைப் படித்துக் காட்டினேன். அத்தனை மகிழ்ச்சி எனக்கு. பிறகு 2027 ஓப்பனுக்காக ஓல்டு கோர்ஸில் புதிய மேடைகள் என்ற செய்தி வருகிறது. பந்து குறையத் தொடங்கும் என்று அன்று நீங்கள் அறிவித்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் மைதானத்தை 132 கெஜம் நீட்டுகிறீர்கள். உங்கள் பந்து விதியில் உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?

அதே திட்டத்தில் நல்லதும் இருக்கிறது. 16-ஆவது குழியில் மணற்பள்ளங்களுக்கு இடப்பக்கம் இருந்த பழைய வழியை மீண்டும் திறப்பது மரபை அறிந்தவர்கள் செய்யும் வேலை. இரண்டு வழிகளுக்கு நடுவே ஆட்டக்காரனை நிறுத்தி யோசிக்க வைப்பதுதானே ஓல்டு கோர்ஸின் அழகு? அப்படிப்பட்ட பத்து வேலைகள் செய்யுங்கள். முதல் ஆளாக நன்றி எழுதுவேன்.

நீங்கள் கேட்டுத் திருந்துகிறவர்கள் என்பதும் தெரியும். 2023 பிப்ரவரியில் 18-ஆவது குழியிலுள்ள பழைய கல் பாலமான ஸ்வில்கன் பாலத்தின் வாயிலில் கல் பாவினீர்கள். பார்த்தவர்கள் மனம் பொறுக்காமல் எழுதினார்கள். சில நாள்களில் பெயர்த்தெடுத்துப் புல்லைத் திரும்ப வைத்தீர்கள். அந்தச் சின்ன வட்டத்துக்குக் காட்டிய அக்கறையை இந்த 132 கெஜத்துக்கும் காட்டுங்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

பந்துத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள் என்று, பந்தைக் குறைக்கும் முடிவிலிருந்து பின்வாங்காதீர்கள். 2027-க்குப் பிறகு ஓல்டு கோர்ஸில் எந்த மேடையும் இனிப் பின்னால் போகாது என்று அறிவியுங்கள். இவை இரண்டும் பெரிய கோரிக்கைகள். காலம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் ஆடும் சிறிய மைதானங்கள் தங்களை நீட்டிக்கொள்ளத் தேவையில்லை என்று உங்கள் தாளில், உங்கள் முத்திரையோடு, எனக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை எங்கள் அறிவிப்புப் பலகையில், அந்தப் பழைய தாள் ஒட்டியிருந்த அதே இடத்தில் ஒட்டுவேன். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி நிர்வாகக் குழுவிடம் கேட்க எனக்கு அது போதும். டப்பாக்களை அண்ணன் எடுத்து வைத்திருக்கிறார்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

மரியாதையுடன்,
நீலகிரியிலிருந்து ஒரு கோல்ஃப் ஆட்டக்காரன்